பராட்ஸா என்கோர் கிரைண்டர்: கழட்டி சுத்தம் பண்றதுக்கு எப்படி, டேப்லெட் வாங்கணுமா, அரிசி போடலாமா

காப்பி கிரைண்டர் பத்தி எங்க ரிவ்யூ படிச்சாலும் தூள் எவ்ளோ சீரா விழுது, செட்டிங் எத்தனை, சத்தம் எப்படி, விலைக்கு வொர்த்தா, இதோட முடிச்சுடறாங்க. தினமும் ரெண்டு வேளை டிகாக்‌ஷன் போடற வீட்டுல அந்த மெஷின் ஒரு வருஷம் கழிச்சு உள்ள எப்படி இருக்கும், அத யாரு எப்படி சுத்தம் பண்றது, இத பத்தி ரெண்டு வரி கூட இருக்காது. கிரைண்டர் வாங்கும்போது நான் முதல்ல பாக்கறதே அதைத்தான். அதனால பராட்ஸா என்கோர அந்த ஒரு விஷயத்த மட்டும் வச்சு எழுதறேன், கூடவே சுத்தம் பண்றதுக்குன்னே விக்கற டேப்லெட், பிரஷ், பிளோயர் இதுல எதுக்கு காசு கொடுக்கலாம் எதுக்கு வேண்டாம்னும் சொல்லிடறேன்.

எங்க வீட்டு பழக்கம் என்னன்னு சொன்னாதான் மீதி புரியும். பீபரியும் பிளான்டேஷன் ஏயும் கலந்து, கொஞ்சம் திக்னஸுக்கு ரோபஸ்டா சேத்து, கடைல வறுத்த கொட்டையா வாங்கிட்டு வந்து வீட்டுலயே அன்னன்னைக்கு அரைக்கறோம், பித்தளை ஃபில்டர்ல போட்டு டிகாக்‌ஷன் இறக்கறோம். ஃபில்டருக்கு தூள் கொஞ்சம் நைஸா வேணும், ரொம்ப நைஸா போனா அடைச்சுக்கும், கொரகொரப்பா இருந்தா தண்ணி மாதிரி இறங்கிடும். என்கோர்ல எனக்கு செட்டிங் 10ல இருந்து 12க்குள்ள ஒத்து வருது, உங்க ஃபில்டர் ஓட்டைய பொறுத்து ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன மாறலாம். இத ஏன் சொல்றேன்னா நைஸா அரைக்க அரைக்க பவுடர் மாதிரி பொடி அதிகமா வரும், அந்த பொடிதான் மெஷின் உள்ள போய் அப்பிக்கறது. பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு கொரகொரப்பா அரைக்கறவங்களுக்கு நம்ம அளவுக்கு இந்த தொல்லை வராது.

சுத்தம் பண்ணலேன்னா என்ன ஆயிடும்னு கேக்கறவங்களுக்கு: காப்பிக்கொட்டைல எண்ணெய் இருக்கு, கொஞ்ச நஞ்சம் இல்ல, அராபிகால சுமார் 15 சதவீதம், ரோபஸ்டால சுமார் 10 சதவீதம் கொழுப்புதான். வறுக்கும்போது அது மெல்ல வெளில வர ஆரம்பிக்கும், டார்க்கா வறுத்த கொட்டை பளபளன்னு இருக்கே அது இந்த எண்ணெய்தான். அரைக்கறப்போ அது கொட்டைய நொறுக்கற பர் மேல, கொட்டை போடற மேல் கிண்ணமான ஹாப்பர் சுவத்துல, தூள் இறங்கற குழாய்ல எல்லாம் பூசிக்கும், அதுமேல பொடி ஒட்டும், அதுமேல மறுபடி எண்ணெய். காத்து பட்டு கொஞ்ச நாள்ல அது காறல் அடிக்க ஆரம்பிச்சுடும், பழைய முறுக்கு டப்பாவ திறந்தா வருமே அதே வாடை. நீங்க எவ்ளோ நல்ல கொட்டை வாங்கிட்டு வந்தாலும் அந்த காறல் பொடி கொஞ்சம் கலந்துதான் ஃபில்டருக்கு போகும். பாலும் சக்கரையும் சேத்தா தெரியாதுன்னு சொல்லுவாங்க, பாதிதான் உண்மை, டிகாக்‌ஷன மட்டும் தனியா ஒரு ஸ்பூன் எடுத்து நாக்குல வச்சு பாருங்க, தொண்டைல ஒரு கசப்பு தங்கும், அது காப்பியோட கசப்பு கிடையாது. அதவிட சுலபமா ஒரு டெஸ்ட் இருக்கு, கொட்டை எதுவும் இல்லாம ஹாப்பர் மூடிய திறந்து மூக்க கிட்ட கொண்டு போங்க. நல்ல வறுத்த வாசனை வந்தா பரவால்ல, எண்ணெய் சிக்கு வாடை வந்தா அன்னைக்கே கழட்டிடுங்க.

சரி மெஷினுக்கு வரேன். பராட்ஸா அமெரிக்கா சியாட்டில் பக்கம் 1999ல ஆரம்பிச்ச கம்பெனி, 2020ல பிரெவில்ங்கற ஆஸ்திரேலிய கம்பெனி வாங்கிட்டாங்க. என்கோர் அவங்களோட ஆரம்ப நிலை மாடல், 40 மில்லிமீட்டர் கோனிகல் ஸ்டீல் பர், 40 செட்டிங், ஹாப்பர்ல 227 கிராம் கொட்டை பிடிக்கும், எடை மூணு கிலோ சொச்சம். பர்ன்னா பல்லு வச்ச ரெண்டு துண்டு, நடுவுல கூம்பா ஒண்ணு சுத்தும், அதைச் சுத்தி வளையமா இன்னொண்ணு அசையாம நிக்கும், கொட்டை ரெண்டுக்கும் நடுவுல மாட்டி நொறுங்கி கீழ இறங்கும். ஹாப்பர திருப்பினாதான் வளையம் மேல கீழ போய் தூள் நைஸாவும் கொரகொரப்பாவும் மாறுது. இந்த டிசைன்தான் சுத்தம் பண்றதுக்கு வசதியா அமைஞ்சிருக்கு, ஏன்னா ஹாப்பர் வந்துட்டா கிட்டத்தட்ட எல்லாமே வந்துடும், ஸ்க்ரூடிரைவரே வேண்டாம்.

கழட்டறது இப்படி. ஹாப்பர்ல கொட்டை இருந்தா வேற டப்பால கொட்டிடுங்க, உள்ள மிச்சம் மாட்டியிருக்கறத மெஷின ஓட்டி காலி பண்ணிடுங்க, அப்புறம் பிளக்க பிடுங்கிடுங்க. ஸ்விட்ச் மட்டும் ஆஃப் பண்ணா போதாது, முன்னாடி பக்கம் ஒரு பட்டன் இருக்கு, கை தெரியாம பட்டா சுத்தும், உள்ள விரல் விட்டுட்டு இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம், குழந்தைங்க இருக்கற வீடுன்னா இத ரெண்டு தரம் படிச்சுக்கோங்க. பிளக் வெளில வந்த பிறகு ஹாப்பர இடது பக்கமா, அதாவது கடிகாரம் சுத்தறதுக்கு எதிர் பக்கமா, 40 தாண்டி நிக்கற வரைக்கும் திருப்பி நேரா மேல தூக்குங்க, வந்துடும். அடியில வளைய பர் மேல ஒரு ரப்பர் மாதிரி சிலிகான் கேஸ்கெட் இருக்கும், அத உரிச்சு எடுங்க. இப்ப வளைய பர்ர ரெண்டு விரலால பிடிச்சு நேரா தூக்கினா வெளில வரும், பொடி இறுகி போயிருந்தா லேசா அசைச்சு அசைச்சு எடுக்கணும், ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, பிளாஸ்டிக் காது உடைஞ்சுடும். நடுவுல இருக்கற கூம்பு அப்படியே இருக்கட்டும், அத கழட்ட வேண்டிய அவசியம் சாதாரண சுத்தத்துக்கு கிடையாது.

முதல் தடவை திறக்கறவங்களுக்கு உள்ள பாக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகும். கூம்போட பல்லுக்கு நடுவுல சாக்லேட் மாதிரி இறுகின பொடி, ஓரம் எல்லாம் வெள்ளி நிறத்துல பொட்டு பொட்டா உமி. உமிய பத்தி கவலைப்பட வேண்டாம், அது கொட்டையோட மெல்லிசு தோலு, எடுத்துப் போட்டா போச்சு. இறுகின பொடியதான் கவனிக்கணும், அதுதான் எண்ணெய்யோட சேந்து காறல் அடிக்கறது.

இதுக்கு பிரஷ் எதுன்னு பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மெஷினோட ஒரு பிரஷ் வந்திருந்தா அதுவே போதும், இல்லேன்னா ஹார்டுவேர் கடைல ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ் நைலான் முடி வச்சதா பாத்து வாங்கி, முடிய பாதியா வெட்டிட்டா நல்ல விறைப்பா இருக்கும். மட்டமான பிரஷ்ல முடி கொட்டும், அது பர்ல மாட்டிட்டு அப்புறம் காப்பில வரும், அதனால கைல நாலு தரம் இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க. பல்லு தேய்க்கற பழைய பிரஷ் தேய்ச்சு சோப்பு போட்டு கழுவி நல்லா காய வச்சிருந்தா அதுவும் ஓகே, பேஸ்ட் வாசனை மட்டும் சுத்தமா போயிருக்கணும். பல்லு ஓடற திசையிலயே தேய்ங்க, குறுக்க தேய்ச்சா பொடி வெளில வராம இன்னும் உள்ள போய் அடையும். வளைய பர்ர கைல எடுத்து ஒரு பேப்பர் மேல தலைகீழா பிடிச்சுட்டு தேய்ங்க, எவ்ளோ கொட்டுதுன்னு நீங்களே பாப்பீங்க.

தண்ணி விஷயம் ரொம்ப முக்கியம். பர்ல தண்ணி படவே கூடாது. ஸ்டீல்தானே, எவர்சில்வர் பாத்திரம் மாதிரி கழுவி வச்சா என்னன்னு அம்மா கூட கேட்டாங்க, பர் அந்த வகை ஸ்டீல் கிடையாது, கடினமா இருக்கறதுக்காக செஞ்சது, ஈரம் பட்டா துரு பிடிக்கும், சென்னை மாதிரி கடல் காத்து இருக்கற ஊர்ல இன்னும் சீக்கிரமா பிடிக்கும். துருவ சுரண்டினா பல்லு கூர் போயிடும், அப்புறம் புது பர்தான். கழுவணும்னா ஹாப்பர், அதோட மூடி, கேஸ்கெட், கீழ தூள் விழற டப்பா, இந்த நாலையும் வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் டிஷ்வாஷ் லிக்விட் விட்டு மெத்துன்னு இருக்கற பஞ்சால கழுவுங்க. பச்சை நாரு போட்டு தேய்ச்சா ஹாப்பர் பூரா கோடு விழுந்து மங்கிடும், அந்த கோட்டுக்குள்ள எண்ணெய் இன்னும் நல்லா உக்காந்துக்கும். டிஷ்வாஷர்லயும் போடாதீங்க. கழுவினத துடைச்ச உடனே மாட்டிடாம ஃபேன் கீழ ராத்திரி பூரா வச்சுட்டு காலைல மாட்டறது நல்லது, கேஸ்கெட் மடிப்புல ஒரு சொட்டு தங்கி இருந்தாலும் அது நேரா பர் மேலதான் இறங்கும்.

இப்ப வர்றதுதான் நான் அதிகமா சொல்ல நினைக்கற விஷயம். தூள் பர்ல இருந்து டப்பாவுக்கு போற வழி, அந்த குழாய். பர்ர மட்டும் பளபளன்னு தேய்ச்சுட்டு இத விட்டுட்டா பாதி வேலைதான் ஆச்சு. வளைய பர்ர எடுத்த பிறகு மேல இருந்து டார்ச் அடிச்சு பாத்தீங்கன்னா கூம்புக்கு பக்கத்துல தூள் விழற ஓட்டை தெரியும், அந்த இடத்துலதான் நைஸ் பொடி படிஞ்சு படிஞ்சு திட்டா நிக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல காத்துல ஈரம் ஏறும்போது இது இன்னும் ஜாஸ்தி, பொடி ஈரத்த இழுத்துட்டு களிமண்ணு மாதிரி ஆயிடும். குழாய் சுருங்க சுருங்க தூள் வெளில வர்றது மெதுவாகும், உள்ளயே சுத்தி சூடாகும், மோட்டார் சத்தம் மாறும். வழக்கமா போடற அதே கொட்டைக்கு அரைக்க நேரம் ஜாஸ்தி ஆகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த இடம்தான், மோட்டார் போச்சுன்னு சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டு ஓடறதுக்கு முன்னாடி இத திறந்து பாருங்க.

இதுக்கு மேல இருந்து மரக்குச்சி, ஐஸ்கிரீம் குச்சிய மெல்லிசா சீவினது, சாப்ஸ்டிக் எது இருந்தாலும் சரி, அத விட்டு திட்ட உடைக்கணும், கீழ டப்பா பக்கத்துல இருந்து பைப் கிளீனர் விட்டு இழுக்கணும், பைப் கிளீனர் ஸ்டேஷனரி கடைல கிராஃப்ட் வேலைக்கு விக்கற அந்த பஞ்சு சுத்தின கம்பிதான். கம்பி முனைய மடிச்சு விட்டுக்கோங்க, பிளாஸ்டிக்க கீறிடும். ஊசி, கத்தி எதுவும் வேண்டாம். உடைச்சதுக்கு அப்புறம் வேக்குவம் கிளீனர் இருந்தா ஹோஸ் முனைய வச்சு உறிஞ்சிடுங்க, இல்லேன்னா கேமரா லென்ஸ் ஊதற ரப்பர் பிளோயர் வச்சு ஊதுங்க. பிளோயர் நல்ல பொருள், விலையும் கம்மி, ஆனா வெளில பால்கனில வச்சு ஊதுங்க, கிச்சன்ல ஊதினா மேடை பூரா காப்பிப்பொடிதான். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும், கண்ணுக்குள்ளயும் பொடி வரும். கம்ப்யூட்டர் சுத்தம் பண்ற ஸ்ப்ரே டப்பாவ சாப்பிடற பொருள் போற மெஷின்ல அடிக்க எனக்கு மனசு ஒப்பல, அதனால அத பயன்படுத்தறதில்ல.

திருப்பி மாட்டறது ரொம்ப சுலபம், ஒரே ஒரு விஷயம் கவனிக்கணும். வளைய பர்ல ஒரு இடத்துல சிவப்பு காது இருக்கும், உள்ள கறுப்பு செவ்வகமா ஒரு அடையாளம் இருக்கும், ரெண்டையும் நேருக்கு நேர் வச்சு இறக்கினா உக்காந்துடும். கேஸ்கெட்ல இருக்கற இடைவெளியும் அந்த சிவப்பு காதுக்கு நேரா வரணும். அப்புறம் ஹாப்பர வச்சு வலது பக்கமா திருப்பிட்டு வாங்க. திருப்பும்போது எங்கயாவது முட்டுச்சுன்னா பலம் போடாதீங்க, பர் சரியா உக்காரலேன்னு அர்த்தம், அதுக்கு அடியில ஒரு கொட்டைத் துண்டு கிடக்கும், எடுத்துட்டு மறுபடி வைங்க. நைஸ் பக்கம் செட்டிங் மாத்தும்போது மெஷின ஓட விட்டுட்டே மாத்தணும், நின்னுட்டு இருக்கும்போது திருப்பினா ரெண்டு பர்ருக்கும் நடுவுல மாட்டின துண்டு இறுகி காது மேல பாரம் விழும். இது சுத்தம் பண்ணும்போது மட்டும் இல்ல, தினமுமே பாக்க வேண்டியது.

அடிக்கடி எல்லாம் இத பண்ண வேண்டாம். வாரத்துக்கு ஒரு தரம் டப்பாவையும் குழாய் வாயையும் பிரஷ்ல தட்டி விடறேன், மாசத்துக்கு ஒரு தரம் முழுசா கழட்டறேன், மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் சீக்கிரமா. பழக்கம் ஆயிட்டா ஒரு டிகாக்‌ஷன் இறங்கற நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்.

ஸ்டாட்டிக் பத்தியும் சொல்லணும், ஏன்னா தூள் டப்பா சுவத்துலயும் குழாய்லயும் ஒட்டறதுக்கு எண்ணெய் மாதிரியே அதுவும் காரணம். அரைக்கும்போது கொட்டை உரசி மின்சாரம் ஏறுது, அதனாலதான் உமி எல்லாம் பறந்து ஒட்டிக்குது. இதுக்கு ஒரு வழி இருக்கு, கொட்டைய போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சொட்டு தண்ணி, ஸ்பூன் காம்ப நனைச்சு கொட்டைய கிளறினாலே போதும். காப்பி ஆளுங்க இத ஆர்டிடின்னு சொல்லுவாங்க, ராஸ் டிராப்லெட் டெக்னிக்கோட சுருக்கம், ராஸ்னு ஒருத்தர் பேருல வந்தது. 2023 டிசம்பர்ல ஆரிகன் யுனிவர்சிட்டில கிறிஸ்டோபர் ஹெண்டனோட டீம் எரிமலை சாம்பல்ல மின்சாரம் ஏறறத ஆராயற ஆளுங்களோட சேந்து இத சோதிச்சு பேப்பர் போட்டாங்க, கொட்டைக்கு உள்ள ஈரம் கம்மியா இருந்தா, அதாவது டார்க்கா வறுத்திருந்தா சார்ஜ் ஜாஸ்தி ஏறுது, துளி தண்ணி சேத்தா குறையுதுன்னு அதுல வந்துச்சு. நம்ம ஃபில்டர் காப்பி வறுவல் டார்க் பக்கம்தான், நைஸாவும் அரைக்கறோம், அதனால நமக்கு இது நல்லாவே பலன் தருது. ஆனா அன்னன்னைக்கு அளந்து போட்டு அரைக்கறவங்க மட்டும் பண்ணுங்க. ஹாப்பர் நிறைய கொட்டைய கொட்டி வச்சுட்டு அதுல தண்ணி தெளிச்சா கொட்டையும் கெடும் பர்ரும் துரு பிடிக்கும். துளின்னா துளிதான்.

இப்ப டேப்லெட். அர்னெக்ஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனி, காப்பி மெஷின் சுத்தம் பண்ற சாமானுக்குன்னே பேர் போனவங்க, அவங்களோட கிரைண்ட்ஸ்ங்கற டேப்லெட்தான் பெரும்பாலும் எல்லாரும் வாங்கறது. பாக்க பெரிய மாத்திரை மாதிரி இருக்கும், தானிய வகைல செஞ்சது, சோப்பு கிடையாது, உள்ள கொஞ்சம் தங்கினாலும் உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. ஹாப்பர காலி பண்ணிட்டு 35ல இருந்து 40 கிராம் டேப்லெட்ட போட்டு மீடியம் செட்டிங்ல அரைக்கணும், அது நொறுங்கி பர் மேல இருக்கற எண்ணெய்ய இழுத்துட்டு, ஒட்டின பொடியையும் தள்ளிட்டு வெளில வரும். அப்புறம் அதே அளவு கொட்டைய போட்டு அரைச்சு அந்த தூள தூக்கிப் போட்டுடணும், முடிஞ்சா ரெண்டு தரம். 430 கிராம் டப்பா வாங்கினா பத்து தடவை சொச்சம் வரும்.

வேலை செய்யுதான்னா நல்லாவே செய்யுது, போட்டு எடுத்த பிறகு ஹாப்பர் கிட்ட மூக்க வச்சா வாடை குறைஞ்சிருக்கறது உடனே தெரியும். பர்ர கழட்டறதுக்கு பயப்படறவங்க, வயசானவங்க, ஸ்க்ரூ போட்டு இறுக்கின கிரைண்டர் வச்சிருக்கறவங்க, இவங்களுக்கு டேப்லெட்ட தாராளமா சொல்லுவேன். ஆனா என்கோர் மாதிரி கையாலயே திறக்கற மெஷின் வச்சுட்டு மாசா மாசம் டேப்லெட்டுக்கு செலவு பண்ண வேண்டியதில்லைன்னு நினைக்கறேன், பிரஷ் பண்ற வேலைய அது முழுசா பண்ணாது, குழாய்ல இறுகின திட்ட குச்சி வச்சுதான் உடைக்கணும். சுத்தம் பண்ண பிறகு தூக்கிப் போடற கொட்டையையும் கணக்குல வைங்க, நல்ல பீபரிய குப்பைல போட யாருக்கு மனசு வரும், அதுக்குன்னு மலிவா கொஞ்சம் ரோபஸ்டா தனியா வாங்கி வச்சுக்கலாம். நாலு அஞ்சு மாசத்துக்கு ஒரு தரம் டேப்லெட், மத்தபடி பிரஷ், இப்படி வச்சுட்டா ஒரு டப்பா வருஷக்கணக்குல வரும். மூடிய இறுக்கி வைங்க, நம்ம ஊரு ஈரத்துல நமுத்துடும். இன்னொண்ணு, அதே கம்பெனில கஃபீசான்னு ஒரு பவுடர் விக்கறாங்க, அது எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்கு, தண்ணி விட்டு அலசற கெமிக்கல், அத கிரைண்டர் உள்ள போட்டுடாதீங்க, ஆன்லைன்ல ரெண்டும் பக்கத்து பக்கத்துல காட்டும்.

அரிசி போடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. வாட்ஸ்அப்ல வருது, மிக்ஸி ஜார்ல அரிசியோ கல்லு உப்போ போட்டு அரைச்சா பிளேடு சுத்தமாகும்னு வீட்டுல பெரியவங்க சொல்லியும் கேட்டிருப்போம். மிக்ஸி வேற, பர் கிரைண்டர் வேற. வறுத்த காப்பிக்கொட்டை விரலால அழுத்தினாலே நொறுங்கற பொருள், பச்சரிசியும் புழுங்கலரிசியும் அதவிட எவ்வளவோ கெட்டி, மோட்டாரும் கியரும் அதுக்கு டிசைன் பண்ணது கிடையாது. அதுல வர்ற மாவு இருக்கே, அது பர் பல்லுல போய் உக்காந்து ஈரம் இழுத்தா இன்னொரு தலைவலி. வெளிநாட்டுல சிலர் சொல்றது இன்ஸ்டன்ட் ரைஸ், வேக வச்சு காய வச்ச அரிசி, அது பொலபொலன்னு இருக்கும், நம்ம மூட்டை அரிசி அது இல்ல. எனக்கு அதுவும் வேண்டாம், கையில பிரஷ் இருக்கு.

சிக்கரிய கொட்டையோட சேத்து அரைக்காதீங்க. வறுத்த சிக்கரி காத்துல இருக்கற ஈரத்த அப்படியே இழுக்கற பொருள், டப்பா மூடி சரியா மூடலேன்னா கல்லா இறுகறத பாத்திருப்பீங்க, அதே இறுகல் பர் உள்ள நடந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. கடைல சிக்கரிய தூளாவே வாங்கி, காப்பிய அரைச்ச பிறகு தனியா கலந்துக்கோங்க. இதுல இன்னொரு நல்லதும் இருக்கு, எவ்ளோ சிக்கரி போறதுன்னு உங்க கைல இருக்கும். பாக்கெட்ல வர்ற காப்பி சிக்கரி கலவைல காப்பி குறைஞ்சது 51 சதவீதம் இருக்கணும்ங்கறதுதான் இந்தியாவோட உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ வச்சிருக்கற விதி, அப்போ மீதி 49 வரைக்கும் சிக்கரியா இருக்கலாம், லேபிள்ல போட்டிருப்பாங்க படிச்சுப் பாருங்க.

மலேசியா, சிங்கப்பூர்ல இருக்கறவங்க இதையும் கவனிங்க. அங்க கோப்பிக்கு கொட்டைய சக்கரையும் மார்ஜரினும் போட்டு வறுப்பாங்க, கறுகறுன்னு மினுமினுப்பா பாகு பூசின மாதிரி இருக்கும், குடிக்க ரொம்ப பிரமாதம், ஆனா அத வீட்டு பர் கிரைண்டர்ல போட்டா சக்கரை பாகு பல்லுல ஒட்டி இறுகிடும், பிரஷ்ஷுக்கு மசியாது. அத கடைலயே அரைச்சு வாங்கிடுங்க. ஃப்ளேவர் சேத்த கொட்டை, வெனிலா ஹேசல்நட் வகையறாவும் அப்படித்தான், அந்த வாசனை மாசக்கணக்குல போகாது.

கல்லு வந்தா என்ன பண்றதுன்னும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. களத்துல காய வச்சு வர்ற கொட்டைல எப்பவாவது சின்ன கல்லு ஒண்ணு தப்பிச்சு வரும், மெஷின் கிறீச்னு ஒரு சத்தம் போட்டு நின்னுடும். உடனே ஆஃப் பண்ணி பிளக்க பிடுங்கி மேல சொன்ன மாதிரியே திறந்து எடுத்துடுங்க, மறுபடி மறுபடி பட்டன அழுத்தி ஓட்டப் பாத்தா கியர் போயிடும். கொட்டைய அளக்கும்போது ஒரு தட்டுல பரப்பி பாத்துட்டு போடற பழக்கம் இருந்தா இந்த பிரச்சனையே வராது, எங்க பாட்டி அரிசிக்கு பண்ணினதுதான்.

கை கிரைண்டர் வச்சிருக்கறவங்களுக்கு, டைம்மோர் சி2 மாதிரி, வேலை இன்னும் கம்மி. அடியில இருக்கற டயல திருகி கழட்டினா உள் பர், ஸ்பிரிங், வாஷர் எல்லாம் வரும், வர்ற வரிசைலயே ஒரு துணி மேல அடுக்கி வைங்க, போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க. தேய்ச்சு ஊதி மாட்டின பிறகு கைப்பிடி லேசா சுத்தாம நிக்கற வரைக்கும் இறுக்கி, அங்க இருந்து கிளிக் எண்ணி உங்க செட்டிங்குக்கு வாங்க. இதுலயும் பர்ருக்கு தண்ணி கிடையாது. மிக்ஸி சின்ன ஜார்ல அரைக்கறவங்க காப்பிக்குன்னு தனி ஜார் வச்சுக்கோங்க, மல்லியும் மிளகாயும் அரைச்ச ஜார்ல எவ்ளோ கழுவினாலும் அந்த வாசனை ரப்பர் வாஷர்ல நிக்கும்.

பராட்ஸால எனக்கு ரொம்ப பிடிச்சது, உதிரி பாகம் தனித்தனியா விக்கறாங்க, எப்படி மாத்தறதுன்னு படத்தோட அவங்களே போட்டிருக்காங்க. கேஸ்கெட் தளந்து போனா கேஸ்கெட் மட்டும், பர் தேஞ்சா பர் மட்டும், மெஷினையே தூக்கிப் போட வேண்டியதில்ல. விலை நம்ம ஊருக்கு ஜாஸ்திதான், இறக்குமதி பொருள், மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா வருஷக்கணக்குல திறந்து மூடி வச்சுக்கலாம்ங்கறத சேத்து பாத்தா எனக்கு சரியாத்தான் படுது. எஸ்பிரஸ்ஸோவும் போடறவங்களா இருந்தா என்கோர் இஎஸ்பின்னு இன்னொரு மாடல் இருக்கு, அதுல முதல் 20 செட்டிங் எஸ்பிரஸ்ஸோவுக்குன்னே நெருக்கமா வச்சிருக்காங்க, பர்ரும் சட்டுனு எடுக்கற மாதிரி பண்ணியிருக்காங்க.

வேற எந்த கம்பெனி கிரைண்டர் வாங்கறதா இருந்தாலும் கடைல நின்னு மூணு விஷயம் கேளுங்க. மேல் பர் ஸ்க்ரூடிரைவர் இல்லாம கையால வருதா, அத அங்கயே திறந்து காட்டச் சொல்லுங்க. தூள் இறங்கற குழாய் நேரா இருக்கா வளைஞ்சு போகுதா, வளைஞ்சிருந்தா பைப் கிளீனர் போகுமான்னு பாருங்க. கேஸ்கெட்டும் பர்ரும் தனியா கிடைக்குமா, எங்க கிடைக்கும், எவ்ளோ நாள் ஆகும். மூணாவதுக்கு பதில் வரலேன்னா அந்த மெஷின வாங்காதீங்க, தூள் எவ்ளோ சீரா விழுந்தாலும் சரி.